காரணம் தெரியாத காய்ச்சலா? முதலில் சிறுநீரைப் பாருங்கள்

இந்தத் தடவை வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகள் ஒண்ணுக்குப் போகிற பாதையைப் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள், ஆகவே யார் பெயரும் இல்லை, தென்னாப்பிரிக்காவில் எந்த ஊர் என்பது மட்டும் இருக்கிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

என் பேத்திக்கு 8 மாதம். அடிக்கடி காய்ச்சல் வருகிறது. சளி இல்லை, இருமல் இல்லை. பல் முளைக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன தடவை பை ஒட்டி சிறுநீர் பிடித்துப் பார்த்து கிருமி இருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள். இன்னொரு டாக்டர் அந்தச் சோதனையே செல்லாது என்கிறார். யாரை நம்புவது? நான் உடம்புச் சூட்டுக்குப் பார்லித் தண்ணீர் கொடுத்து வருகிறேன். — ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த்

அம்மா, இரண்டாவது டாக்டர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பை ஒட்டி எடுக்கிற சிறுநீர் தோலிலும் மலத்திலும் இருக்கிற கிருமிகளோடு கலந்துதான் பைக்குள் விழுகிறது. அதில் கிருமி இல்லை என்று வந்தால் அதை ஓரளவு நம்பலாம், இருக்கிறது என்று வந்தால் அது மூத்திரப்பையில் இருந்த கிருமியா தொடையில் இருந்த கிருமியா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்து ஆன்டிபயாடிக் ஆரம்பித்துவிட்டால் அதற்குப் பிறகு சரியான சோதனை செய்தாலும் பயனில்லை, ஏனென்றால் ஒன்றிரண்டு வேளை மருந்திலேயே கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனையில், எதுவும் வளராமல் போய்விடும். அப்புறம் பிள்ளைக்கு உண்மையிலேயே நீர்ப்பாதைத் தொற்று இருந்ததா இல்லையா என்பது கடைசி வரை தெரியாமலே போகும், அந்தக் குழப்பத்திலேயே அடுத்த ஸ்கேன், அதற்கடுத்த ஸ்கேன் என்று வண்டி ஓடும்.

சரியான மாதிரி என்றால், மெல்லிய டியூப் விட்டு எடுப்பது, அல்லது அடிவயிற்றில் ஊசி வைத்து மூத்திரப்பையிலிருந்து நேராக எடுப்பது, அல்லது பிள்ளை போகும்போது நடுவில் வருகிற சிறுநீரைச் சுத்தமான டப்பாவில் பிடிப்பது. முதல் இரண்டையும் கேட்டதும் பதறாதீர்கள், ஒரு நிமிட வேலைதான். மூன்றாவது பொறுமை வேண்டிய வேலை, ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு: பால் கொடுத்து, கழுவித் துடைத்து, குளிர்ந்த உப்புநீரில் நனைத்த துணியால் அடிவயிற்றை மெதுவாக வட்டமாகத் தேய்த்தால் பல பிள்ளைகள் சீக்கிரம் போய்விடும். ஆஸ்திரேலியாவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படித் தேய்த்த பிள்ளைகளில் 31 சதவீதம் 5 நிமிடத்துக்குள் போனார்கள், தேய்க்காமல் காத்திருந்தவர்களில் 12 சதவீதம்தான். செலவில்லாத வித்தை, எந்த கிளினிக் சிஸ்டரிடமும் சொல்லிப் பாருங்கள். பிடித்த சிறுநீரை உடனே லேபுக்கு அனுப்ப முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும், டர்பன் வெயிலில் காரில் கிடந்தால் இல்லாத கிருமியும் பெருகிவிடும்.

இன்னொன்று. பட்டையை முக்கிப் பார்க்கிற சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் ஒரு வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்கு அது போதாது. அந்தச் சோதனையில் நைட்ரைட் என்று ஒன்று பார்ப்பார்கள், அது உண்டாக சிறுநீர் சில மணி நேரம் மூத்திரப்பையில் தங்கியிருக்க வேண்டும், கைப்பிள்ளைகளோ நொடிக்கொரு தரம் நனைக்கிற ஜாதி. ஆகவே கல்ச்சர் அனுப்பத்தான் வேண்டும்.

பல் முளைக்கும்போது எச்சில் ஒழுகும், ஈறு ஊறும், பிள்ளை சிணுங்கும். 39 டிகிரி காய்ச்சலுக்குப் பல்லைக் குற்றம் சொல்லாதீர்கள். இந்த வயதில் நீர்ப்பாதைத் தொற்றுக்குக் காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கலாம், எரிச்சல் என்று சொல்ல அதற்கு வாயா இருக்கிறது? மூன்று மாதத்துக்குள் இருக்கிற பிள்ளைக்கு 38 டிகிரி தாண்டினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், மறுநாள் பார்ப்போம் என்ற பேச்சே வேண்டாம். பார்லித் தண்ணீர் கொடுப்பதில் கெடுதல் ஒன்றும் இல்லை, அதை நம்பி மருந்தை நிறுத்தினால்தான் கெடுதல். உங்கள் பேத்திக்கு அடுத்த காய்ச்சலில் மருந்துக்கு முன்பே சரியாகச் சிறுநீர் எடுக்கச் சொல்லுங்கள், தொற்று உறுதியானால் கிட்னிக்கும் மூத்திரப்பைக்கும் ஒரு அல்ட்ராசவுண்ட் பாருங்கள்.

மனைவிக்கு 8 மாதம். ஸ்கேனில் ஆண்பிள்ளைக்கு ஒரு பக்கக் கிட்னி வீங்கியிருக்கிறது என்றார்கள். பிறந்ததும் ஆபரேஷன் என்று யாரோ சொல்ல, அவள் அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன செய்வது? — பீனிக்ஸ்

தம்பி, முதலில் மனைவியின் கண்ணைத் துடையுங்கள். வயிற்றிலிருக்கும்போதே கிட்னி வீக்கம் தெரிவது நூற்றில் ஒன்றிரண்டு கர்ப்பங்களில் நடக்கிற விஷயம், அதில் பெரும்பாலானவை பிறந்த பிறகு தானாகவே சரியாகிவிடும் அல்லது எந்தத் தொந்தரவும் தராமல் அப்படியே இருக்கும். கத்தி எடுக்க வேண்டியவர்கள் சிறு பங்குதான். அந்தச் சிறு பங்கைத் தவறவிடாமல் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

ஸ்கேன் தாளில் சிறுநீரகக் குழிவின், அதாவது கிட்னிக்குள் சிறுநீர் வந்து சேர்கிற இடத்தின், அளவு மில்லிமீட்டரில் எழுதியிருக்கும். 28 வாரத்துக்கு மேல் 7 மி.மீ. அல்லது அதற்கு அதிகம் என்றால் பிறந்த பிறகு பார்க்க வேண்டும் என்று பொருள், அவ்வளவுதான். அந்தத் தாளில் இன்னும் மூன்றைத் தேடுங்கள்: வீக்கம் ஒரு பக்கமா இரண்டு பக்கமா, மூத்திரப்பை பெருத்து அதன் சுவர் தடித்திருக்கிறதா, பனிக்குடத் தண்ணீர் குறைந்திருக்கிறதா. ஒரு பக்கம் மட்டும், தண்ணீர் சரியாக இருக்கிறது என்றால் அவசரமே இல்லை. பிறந்த முதல் இரண்டு நாளில் பிள்ளையின் உடம்பில் நீர் குறைவாக இருக்கும், சிறுநீரும் கொஞ்சம்தான் ஊறும், அப்போது ஸ்கேன் எடுத்தால் வீங்கிய கிட்னியும் நல்ல கிட்னி போலத் தெரிந்து ஏமாற்றும். ஆகவே 48 மணி நேரம் கழித்து, முதல் வாரம் முடியும் சமயத்தில் ஒன்று, அப்புறம் ஒரு மாதம் போல இன்னொன்று.

ஆண்பிள்ளைக்கு இரண்டு பக்கமும் வீக்கம், மூத்திரப்பைச் சுவர் தடிப்பு, தண்ணீர் குறைவு என்று சேர்ந்து வந்தால் கதை வேறு. சிறுநீர் வெளியேறுகிற குழாயில் பிறவியிலேயே சவ்வு போல ஒரு அடைப்பு இருக்கலாம், ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வருவது, பின்புறக் குழாய் வால்வு என்பார்கள். ஐயாயிரம் முதல் எட்டாயிரம் ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கு என்று கணக்கு. அப்படிச் சந்தேகம் இருந்தால் பிள்ளையை எங்கே பெறுவது என்பதையே முன்கூட்டி முடிவு செய்ய வேண்டும், பிறந்த அன்றே ஸ்கேன், மெல்லிய டியூப் போட்டு சிறுநீரை இறக்குவது, ரத்தத்தில் உப்புகளைச் சரிசெய்வது, மூத்திரப்பையில் மருந்து ஏற்றிப் பிள்ளை போகும்போது எக்ஸ்ரே எடுப்பது, பிறகு சின்னக் குழாய்க் கேமரா விட்டு அந்தச் சவ்வை வெட்டிவிடுவது. வெட்டியதோடு முடியாது. வயிற்றிலிருந்த மாதங்களிலேயே கிட்னிக்கு ஏற்பட்ட சேதம் திரும்பி வராது, மூத்திரப்பையும் பல வருடம் சண்டித்தனம் பண்ணும், இவர்களில் நாலில் ஒருவரிலிருந்து மூவரில் ஒருவர் வரை என்றாவது கிட்னி செயலிழப்புக்குப் போகிறார்கள். ஆகவே வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பு.

நம் ஊரில் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கிட்னி போன பிறகு டயாலிசிஸ் இருக்கிறதே என்று யாரும் அசட்டையாக இருக்க முடியாது. 1997இல் டர்பன்காரரான தியாகராஜ் சுப்ரமணி, அடிங்டன் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் கிடைக்காமல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனார். அவருக்குச் சர்க்கரையும் இதய நோயும் இருந்தன, மாற்றுக் கிட்னிக்குத் தகுதி உள்ளவர்களுக்கே டயாலிசிஸ் என்பது அங்கே விதி. இயந்திரங்கள் குறைவு, எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்ற அரசு ஆஸ்பத்திரியின் நிலையை நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது, சில நாட்களில் அவர் இறந்துபோனார். பெரியவர் ஒருவரின் வழக்குதான், பிள்ளைகளுக்கும் இந்த ஊரில் இயந்திரங்கள் குவிந்து கிடக்கவில்லை. இருக்கிற கிட்னியைக் காப்பதுதான் மலிவான வைத்தியம்.

சரி, உங்கள் பிள்ளைக்கு வருவோம். ஒரு பக்க வீக்கம் பிறந்த பிறகும் பெரிதாகவே இருந்தால், கிட்னியும் அதிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்குகிற குழாயும் சேரும் இடத்தில் இறுக்கம் இருக்கலாம். அதற்கு ஆறு வாரம் போல ஆனதும் மேக்3 என்கிற அணு ஸ்கேன் எடுப்பார்கள், கையில் ஊசி மூலம் கொஞ்சம் மருந்து, நடுவில் சிறுநீர் போக்க இன்னொரு மருந்து, எந்தக் கிட்னி எத்தனை சதவீத வேலை செய்கிறது, நீர் இறங்குகிறதா தேங்குகிறதா என்று பார்ப்பார்கள். 40 சதவீதத்துக்குக் கீழே, அல்லது முந்தைய ஸ்கேனைவிடத் தெளிவாகக் குறைந்துகொண்டே வருகிறது, அல்லது வீக்கம் கூடுகிறது, தொற்று வருகிறது என்றால் ஆபரேஷன். 50க்கு 50 வேலை செய்து, அசையாமல் நிற்கிறது என்றால் வீக்கம் பெரிதாகத் தெரிந்தாலும் காத்திருக்கலாம். இறுக்கமான துண்டை வெட்டி எடுத்துவிட்டு நல்ல குழாயை அகலமாகத் தைத்துவிடுவதுதான் அந்த ஆபரேஷன், ஆண்டர்சன்–ஹைன்ஸ் முறை என்று 1949இலிருந்து செய்கிறார்கள், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரே தடவையில் சரியாகிறது. தைத்த இடம் ஆறும் வரை உள்ளே ஸ்டென்ட் என்கிற ஒரு சின்னக் குழாய் வைத்தால் நாலு முதல் ஆறு வாரத்தில் அதை எடுத்துவிட வேண்டும். எடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், மறந்துபோன ஸ்டென்ட்டில் கல் பிடிக்கும்.

என் மகளுக்கு 3 வயது. மூத்திரம் மூத்திரப்பையிலிருந்து மேலே கிட்னி பக்கம் திரும்பிப் போகிறது, மூன்றாம் கிரேடு என்கிறார்கள். தினமும் இரவில் ஒரு வேளை ஆன்டிபயாடிக். மாமியார் ஒரேயடியாக ஆபரேஷன் பண்ணித் தொலைக்கலாமே என்கிறார். — லெனேசியா

மாமியாரின் அலுப்பு புரிகிறது, தினமும் மருந்து ஊட்டுகிற கையல்லவா. ஆனால் மூன்றாம் கிரேடு என்பது நடுவாந்தரம். ஐந்து கிரேடு உண்டு, ஒன்றும் இரண்டும் பெரும்பாலும் வளர வளரத் தானே போய்விடும், மூன்றிலும் கணிசமான பிள்ளைகளுக்குப் போகும், நாலும் ஐந்தும்தான் பிடிவாதம். மூத்திரப்பைச் சுவருக்குள் குழாய் சாய்வாக ஓடுகிற தூரம் குறைவாக இருப்பதால் வால்வு சரியாக மூடுவதில்லை, பிள்ளை வளரும்போது அந்தத் தூரமும் நீளுகிறது.

தினசரி மருந்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 2014இல் அமெரிக்காவில் 607 பிள்ளைகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், இரண்டு வருடம் தினமும் மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தொற்று மறுபடி வருவது பாதியாகக் குறைந்தது. கிட்னியில் புதுத் தழும்பு விழுவது மட்டும் இரண்டு தரப்பிலும் ஒன்றாகவே இருந்தது, மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தொற்று வந்தபோது அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காததாக இருப்பதும் அதிகம். ஆகவே எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வருடக்கணக்கில் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் மகளுக்குக் காய்ச்சலோடு தொற்று வந்திருந்தால் கொடுப்பது சரி, ஒரு வருடம் நன்றாக ஓடினால் டாக்டரிடம் நிறுத்திப் பார்ப்பது பற்றிப் பேசுங்கள்.

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்றை உங்களிடம் கேட்கிறேன்: மகள் தினமும் மலம் கழிக்கிறாளா? மூன்று வயதுக்கு மேல் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்குப் பாதிக் காரணம் மலச்சிக்கலும், ஒண்ணுக்கை அடக்கி வைக்கிற பழக்கமும்தான். கிரெஷில் கக்கூஸ் நாற்றம் தாங்காமல் காலைப் பின்னிக்கொண்டு மதியம் வரை அடக்குகிற பிள்ளைகளை எத்தனை பேர் கவனிக்கிறோம்? இரண்டு மூன்று மணிக்கொரு தடவை போகச் சொல்லுங்கள், கால் தரையில் படும்படி ஒரு பலகை போட்டு உட்கார வையுங்கள், மலம் இளகுகிற மருந்தை ஒன்றிரண்டு மாதம் விடாமல் கொடுங்கள். இதைச் சரிசெய்யாமல் ஆபரேஷன் செய்தால் அதுவும் தோற்கும்.

மருந்து சாப்பிட்டும் காய்ச்சலோடு தொற்று வருகிறது, கிட்னியில் தழும்பு பார்க்கிற டிஎம்எஸ்ஏ என்கிற அணு ஸ்கேனில் புதிய தழும்பு தெரிகிறது, கிரேடு குறையவே இல்லை என்றால் அப்போது ஆபரேஷன். அந்த ஸ்கேனைத் தொற்று ஆறி நாலைந்து மாதம் கழித்து எடுத்தால்தான் நிரந்தரத் தழும்பா தற்காலிக வீக்கமா என்று தெரியும். முறைகள் இரண்டு: கேமரா விட்டுக் குழாயின் வாயில் ஜெல் போன்ற ஒரு பொருளை ஊசியாகப் போட்டு மேடாக்குவது, அன்றே வீட்டுக்குப் போகலாம், ஆனால் சிலருக்கு மறுபடி போட வேண்டியிருக்கும். அல்லது குழாயைப் பிரித்து மூத்திரப்பையில் புது இடத்தில் நீளமாகப் பதித்துத் தைப்பது, நூற்றில் 95க்கு மேல் நிற்கும், சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், கொஞ்ச நாள் ரத்தம் கலந்து வரும், வலிப்பிடிப்பு இருக்கும். கூடப்பிறந்தவர்களுக்கும் இது இருக்க வாய்ப்பு உண்டு, நாலில் ஒருவருக்கு மேல். இளையவனுக்குக் காய்ச்சல் வந்தால் சிறுநீர் பார்க்க மறக்காதீர்கள்.

என் மகனுக்கு 11 வயது. ஒண்ணுக்கின் கடைசியில் ரத்தம் வருகிறது. வலி இல்லை என்கிறான். பயமாக இருக்கிறது, கேன்சரா? — டோங்காட்

ஐயா, முதல் கேள்வி: பையன் ஆற்றிலோ அணைத் தண்ணீரிலோ குளிக்கிறானா? குவாசூலு-நாட்டாலின் கரையோரப் பகுதிகளில் பில்ஹார்சியா இருக்கிறது, தண்ணீரில் இருக்கிற ஒரு வகை நத்தையிலிருந்து வெளிவருகிற புழு, தோலைத் துளைத்து உள்ளே போய் மூத்திரப்பையைச் சுற்றிய ரத்தக்குழாய்களில் குடியேறி முட்டையிடும். அந்த முட்டைகள் சுவரைக் கிழித்துக்கொண்டு வருவதுதான் கடைசியில் சொட்டுகிற ரத்தம். தண்ணீரில் இறங்கி இரண்டரை மூன்று மாதம் கழித்துத்தான் முட்டை தெரியும் என்பதால், போன லீவில் குளித்ததைப் பையன் மறந்தே போயிருப்பான்.

சிறுநீரைக் காலை 10 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் நடுவில், கொஞ்சம் ஓடிவிட்டு, கடைசியாக வருகிற பங்கைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், முட்டை அப்போதுதான் அதிகம் வரும். விடிந்ததும் போகிற முதல் சிறுநீரைக் கொடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. மருந்து பிரசிகுவான்டல், எடைக்கு கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை. இளம் புழுக்களை அது கொல்லாது, ஆகவே சில வாரம் கழித்து மறுபடி சோதனை, தேவைப்பட்டால் மறுபடி மருந்து. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் குழாய்கள் சுருங்கி கிட்னி வீங்கும், அப்புறம் அதுவும் ஆபரேஷன் வரை போகும், பெரியவர்களானதும் மூத்திரப்பைக் கேன்சருக்கும் இடம் கொடுக்கும். ஆகவே ஒரு அல்ட்ராசவுண்டும் பார்த்துவிடுங்கள்.

பீட்ரூட் சாலட் தின்ற மறுநாள் சிவப்பாகப் போனால் அது ரத்தம் இல்லை, டிபி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் போவதும் ரத்தம் இல்லை. கோலா நிறத்தில், முகம் வீங்கி, சமீபத்தில் தொண்டைப் புண்ணோ தோல் புண்ணோ வந்திருந்தால் அது கிட்னியின் அழற்சி, அதற்கு ஆபரேஷன் இல்லை, ஆனால் ரத்த அழுத்தம் பார்க்க அன்றே போக வேண்டும்.

எங்கள் பேரனுக்கு ஒண்ணுக்குப் போகிற ஓட்டை நுனியில் இல்லை, கீழ்ப்பக்கம் இருக்கிறது. மருமகள் கிரகணத்தில் வெளியே போனதால்தான் என்று சம்பந்தி வீட்டில் பேசுகிறார்கள். ஒரு வயதுக்கு முன்னால் ஆபரேஷன் என்கிறார்கள், இவ்வளவு சின்ன வயதிலா? — பீட்டர்மாரிட்ஸ்பர்க்

கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அந்தப் பெண்ணை விட்டுவிடச் சொல்லுங்கள். இருநூறு முந்நூறு ஆண்பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. கர்ப்பத்தின் மூன்றாம் நாலாம் மாதத்தில் ஆணுறுப்பின் குழாய் மூடிவர வேண்டும், அது பாதியில் நின்றுவிடுகிறது. சில குடும்பங்களில் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்திருக்கும், பலருக்குக் காரணமே தெரியாது.

உடனே பார்க்க வேண்டியது ஒன்று: இரண்டு விதைகளும் பைக்குள் கையில் படுகின்றனவா? இரண்டுமே தட்டுப்படவில்லை என்றால் அது வேறு வகைக் கோளாறாக இருக்கலாம், ஹார்மோன் சோதனைக்கு நாள் கடத்தக் கூடாது. விதைகள் சரியாக இருந்தால் நிதானமாகப் போகலாம்.

ஆபரேஷன் 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் நடுவில் செய்வது வழக்கம். அந்த வயதில் பிள்ளைக்கு நினைவு நிற்காது, நாப்பி கட்டியே இருப்பதால் டியூப் வைத்துப் பார்த்துக்கொள்வதும் சுலபம், நாலு வயதுப் பையனை ஒரு வாரம் படுக்கையில் பிடித்து வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். அதற்குள் யாராவது சுன்னத்து செய்துவிடலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அந்த முன்தோல்தான் பல சமயம் புதுக் குழாய் கட்டுவதற்குத் துணி. ஓட்டை நுனிக்கு அருகில் இருந்தால் ஒரே ஆபரேஷன், விதைப்பைக்கு அருகில் இருந்து உறுப்பும் வளைந்திருந்தால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு. தையல் விட்டு வேறு இடத்தில் சின்ன ஓட்டை விழுவது இந்த ஆபரேஷனில் நடக்கிறதுதான், அதைச் சரிசெய்யவும் ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இதை வாரத்துக்கு வாரம் செய்கிற கை செய்வதற்கும், எப்போதாவது செய்கிற கை செய்வதற்கும் வித்தியாசம் நிறைய. டாக்டரிடம் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மொட்டை போடுவதையும் காது குத்துவதையும் ஆபரேஷனுக்கு ஒரு மாதம் முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள்.

4 வயது மகனுக்கு முன்தோல் பின்னால் வரவில்லை. போகும்போது பலூன் மாதிரி ஊதுகிறது. சுன்னத்து பண்ண வேண்டுமா? — வெருலம்

வேண்டாம். இழுக்கவும் வேண்டாம், குளிப்பாட்டும்போது பலமாக இழுத்தால் கிழிந்து தழும்பாகி இல்லாத நோயை நாமே வரவழைப்போம். பலூன் போல ஊதுவதால் கிட்னிக்கு ஒன்றும் ஆகாது. அடிக்கடி சீழ் பிடித்தால் ஸ்டீராய்டு களிம்பை நாலு முதல் எட்டு வாரம் தடவினால் பெரும்பாலும் இளகிவிடும். நுனி வெள்ளையாகத் தடித்து இறுகிப்போயிருந்தால் மட்டும் ஆபரேஷன். சட்டமும் தெரிந்துகொள்ளுங்கள், 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி 16 வயதுக்குக் கீழே மதக் காரணமோ மருத்துவக் காரணமோ இல்லாமல் சுன்னத்து செய்யக் கூடாது.

5 வயது மகள் நன்றாக ஒண்ணுக்குப் போகிறாள், ஆனால் ஜட்டி எப்போதும் ஈரம். பகலும் இரவும். ஸ்கூலில் டீச்சர் சோம்பேறி என்கிறாராம். — ஸ்டாங்கர்

பிள்ளையைத் திட்டுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள், இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த சந்தேகம் வேறு. ஒழுங்காக நிறையப் போகிறாள், ஆனால் ஒரு மணி நேரம் கூடக் காய்ந்திருந்தது இல்லை என்றால், ஒரு கிட்னிக்கு இரண்டு குழாய்கள் இருந்து, அதில் ஒன்று மூத்திரப்பைக்குள் போகாமல், சிறுநீரை அடக்கிப் பிடிக்கிற தசையான அதன் மூடிக்குக் கீழே தவறான இடத்தில் திறக்கிறதோ என்று பார்க்க வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருக்கும், எந்தப் பயிற்சியும் எந்த மாத்திரையும் அதை நிறுத்தாது. ஆண்பிள்ளைகளுக்கு அந்தக் குழாய் மூடிக்கு மேலே திறப்பதால் இப்படி ஒழுகாது.

சாதாரண அல்ட்ராசவுண்டில் இது தப்பிவிடக் கூடும், அந்த மேல்பங்குக் கிட்னி சில சமயம் அவ்வளவு சின்னது. டாக்டரிடம் இந்தச் சந்தேகத்தைப் பெயர் சொல்லியே கேளுங்கள், எம்ஆர்ஐ எடுத்தால் தெரிந்துவிடும். ஆபரேஷனில் அந்தச் சின்னப் பங்கை எடுத்துவிடுவார்கள் அல்லது தவறான குழாயை நல்ல குழாயோடு சேர்த்துத் தைப்பார்கள், அதன் பிறகு பிள்ளை காய்ந்துவிடும். நீர்ப்பாதை ஆபரேஷன்களில் இவ்வளவு உடனே பலன் தெரிகிறது வேறு அதிகம் இல்லை. ஒரு நாள் முழுக்க மணிக்கு ஒரு தடவை ஜட்டியைப் பார்த்து ஈரமா காய்வா என்று எழுதிக்கொண்டு போங்கள், எந்த ஸ்கேனையும்விட அந்தத் தாள் டாக்டருக்கு உதவும். இடையில் சில மணி நேரம் காய்ந்திருந்து, சிரிக்கும்போதோ அவசரத்திலோ மட்டும் நனைந்தால் அது அடக்குகிற பழக்கமும் மலச்சிக்கலும்தான், லெனேசியாக்காரருக்குச் சொன்னதை நீங்களும் செய்யுங்கள்.

7 வயதுப் பையன் ராத்திரியில் மட்டும் படுக்கையை நனைக்கிறான். — மூன்று நாலு ஊர்களிலிருந்து

பகலில் ஒழுங்காக இருந்து, சிறுநீர் நல்ல வேகத்தில் வந்து, அதிகத் தாகமோ எடை குறைவோ இல்லாமல், முதுகெலும்பின் அடியில் குழியோ முடிக்கற்றையோ இல்லாமல் இருந்தால் ஸ்கேனும் வேண்டாம் ஆபரேஷனும் வேண்டாம். வருடத்துக்கு ஏழில் ஒரு பிள்ளைக்குத் தானே நின்றுவிடும். அவசரம் என்றால் ஈரம் பட்டால் மணி அடிக்கிற கருவி இருக்கிறது, ஊருக்குப் போகும்போதும் ஸ்கூல் கேம்ப்புக்கும் ராத்திரியில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கிற டெஸ்மோபிரசின் மாத்திரை இருக்கிறது, அது சாப்பிட்ட ராத்திரி தண்ணீரைக் குறைக்க வேண்டும். ஆறு மாதம் காய்ந்திருந்தவன் திடீரென மறுபடி ஆரம்பித்தால் மட்டும் சர்க்கரையும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள், வீட்டில் என்ன நடந்தது என்றும் யோசியுங்கள்.

நாங்கள் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்து இரண்டு வருடம். மகனுக்குக் கிட்னிக் குழாய் ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். சென்னைக்குக் கூட்டிப்போய் செய்யலாமா? — மிட்ராண்ட்

செய்யலாம், ஆனால் அவசியம் இல்லை. டர்பனில் இன்கோசி ஆல்பர்ட் லுதுலி, கேப் டவுனில் 1956இலிருந்து இயங்குகிற ரெட் கிராஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரி, உங்கள் பக்கத்திலேயே 2016இல் திறந்த நெல்சன் மண்டேலா குழந்தைகள் ஆஸ்பத்திரி என்று பிள்ளைகளுக்கென்றே அறுவை சிகிச்சை செய்கிற இடங்கள் இங்கே இருக்கின்றன. பெரும்பாலும் கிளினிக்கிலிருந்தோ வேறு ஆஸ்பத்திரியிலிருந்தோ கடிதம் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். மெடிக்கல் எய்டு என்கிற மருத்துவக் காப்பீடு இல்லாத குடும்பங்களின் 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு இடங்களில் 1994இலிருந்து இலவசம். வரிசை நீளம்தான், அதை மறைப்பதற்கில்லை. மெடிக்கல் எய்டு இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே அவர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

சென்னையில் பாட்டி தாத்தா கூட இருப்பார்கள், மொழிக் கஷ்டம் இல்லை, அது பெரிய பலம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஆபரேஷனில் பாதி வேலை அதற்குப் பிறகுதான். ஸ்டென்ட் எடுக்க ஒரு தடவை, மூன்று மாதத்தில் அல்ட்ராசவுண்ட், அப்புறம் மேக்3, அப்புறம் வருடக்கணக்கில் பார்வை. அங்கே செய்துவிட்டு இங்கே வந்தால், இங்கே பார்க்கிற டாக்டர் யார் என்பதை விமானம் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். ஸ்டென்ட் எடுக்கும் வரையாவது அங்கேயே இருங்கள். போகும்போது ரிப்போர்ட் தாள்கள் மட்டும் போதாது, ஸ்கேன் படங்களையே டிஸ்க்கில் வாங்கிக்கொள்ளுங்கள், மேக்3 சதவீதம் எத்தனை என்று தெரியாத டாக்டர் அங்கே மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டுகிற கிரியாட்டினின் எண்ணையும் கடைசிக் கல்ச்சரில் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கியது என்பதையும் பிள்ளையின் உடல்நலக் குறிப்பேடான ரோட் டு ஹெல்த் புத்தகத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எங்கே செய்தாலும் ஆபரேஷனுக்கு முந்தின வாரம் சிறுநீர்க் கல்ச்சர் சுத்தமாக இருக்க வேண்டும், தொற்றோடு வெட்ட மாட்டார்கள். அன்று காலை சாப்பாடும் டின் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்த வேண்டும், தாய்ப்பால் நாலு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்வார். பாவம் பசிக்குமே என்று பாட்டி யாராவது ஒரு ரஸ்க் கொடுத்துவிட்டால் அன்றைய ஆபரேஷன் தள்ளிப்போகும், அதையும் பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.